மலைப் பள்ளிகளின் ரோபோ அணிகளுக்குக் கேடயத்தை விடப் பட்டறையே தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில், கோவையில் நடந்த ரோபோ போட்டியில் கலந்துகொண்டு திரும்பிய அரசு மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியருக்கு நடந்த பாராட்டு விழாவின் செய்தியும் படமும் வெளிவந்திருந்தன. பொன்னாடையும் கேடயமுமாக ஊர்ப் பெரியவர்களும் வணிகர்களும் நிற்க, நடுவில் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் நால்வரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் செய்த வண்டியின் சக்கரங்களுக்கான பித்தளைப் புஷ்கள் (தண்டுக்கும் சக்கரத் துளைக்கும் இடையில் செருகும் வளையங்கள்) என் பட்டறை லேத்தில் கடைந்தவை. அந்தப் படத்துக்குள் வராத சில விவரங்களை நீலகிரியில் தொழிலும் வணிகமும் நடத்துவோர் அறிய வேண்டும் என்பதற்காக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் குன்னூரில் 31 ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்தி வருகிறேன். தேயிலைத் தொழிற்சாலை வேலைதான் பெரும்பகுதி. ஷாஃப்ட் கடைவது, கன்வேயர் உருளைகளுக்குப் பேரிங் மாற்றுவது, தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலரின் தேய்ந்த பற்களை மீண்டும் வெட்டிக் கொடுப்பது என்று நாள் போகும். கேத்திப் பாலாடா பக்கத்தில் கேரட் கழுவும் இயந்திரம் வைத்திருப்பவர்களும் வருவார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, இயற்பியல் ஆசிரியை ஒருவர் மூன்று பிள்ளைகளோடும் ஒரு பிஸ்கட் டப்பாவோடும் என் பட்டறை வாசலில் வந்து நின்றார். டப்பாவுக்குள் நான்கு சக்கரம் கொண்ட சிறு வண்டி இருந்தது. தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைச் சென்சாரால் பார்த்து, அதைப் பின்பற்றித் தானே ஓட வேண்டிய வண்டி அது. ஆனால் ஓடத் தொடங்கிய சிறிது தூரத்திலேயே இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும் என்றும், இரண்டு மாதங்களாகக் கணினி நிரலை மாற்றி மாற்றி எழுதியும் சரியாகவில்லை என்றும் பிள்ளைகள் சொன்னார்கள்.

வண்டியைத் திருப்பிப் பார்த்த உடனே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. மோட்டாரின் தண்டு 6 மில்லிமீட்டர்; வாங்கிய சக்கரத்தின் துளை 8 மில்லிமீட்டர். இடைவெளியை இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி நிரப்பியிருந்தார்கள். சக்கரம் நேராகச் சுழலாமல் தள்ளாடியது. அதனால் ஒரு பக்கத்து இழுவை கூடியும் குறைந்தும் வந்தது. கிடந்த பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்து, உள்ளே 6, வெளியே 8 என்று நான்கு புஷ் கடைந்து, ஒவ்வொன்றிலும் இறுக்குத் திருகு போட்டுக் கொடுத்தேன். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பட்டறைத் தரையிலேயே கோடு ஒட்டி ஓட்டிப் பார்த்தார்கள்; வண்டி கோட்டை விட்டு விலகவில்லை. அந்தப் பிள்ளைகளின் நிரலில் தொடக்கத்திலிருந்தே பெரிய பிழை எதுவும் இருக்கவில்லை. இரண்டு மாத உழைப்பு, ஒரு பட்டறைக்காரரிடம் காட்ட வழியில்லாததால் வீணானது. எங்கள் மலையில் ரோபோ அணிகளுக்கு எது குறைகிறது என்று யாராவது என்னைக் கேட்டால், இந்த ஒரு நிகழ்ச்சியைத்தான் சொல்வேன்.

அன்றிலிருந்து சனிக்கிழமை பிற்பகல்களில் அவர்கள் வருகிறார்கள். வெர்னியர் அளவுகோலைப் பிடிக்கவும், துளையிடும் முன் சென்டர் பஞ்ச் வைக்கவும், இரும்பு எது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எது என்று அரத்தால் தேய்த்துப் பார்த்தே அறியவும் கற்றுக்கொண்டார்கள். பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் இப்போது எனக்கு முன்னதாகவே பேரிங்கின் எண்ணைப் படித்து அளவைச் சொல்லிவிடுகிறார். அவர்களுடைய வண்டி சாய்தளத்தில் ஏற முடியாமல் சக்கரம் வழுக்கியபோது, குன்னூர் ரயில் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, தண்டவாளங்களின் நடுவே பதித்திருக்கும் பல்சட்டங்களைக் காட்டினேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரை சில இடங்களில் சுமார் 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றத்தில் வண்டி ஏறுவதற்குக் காரணமான அந்தச் சட்டங்கள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு தள்ளித் தள்ளிப் பதிக்கப்பட்ட இரட்டைச் சட்டங்கள். எந்த நொடியிலும் எஞ்சினின் பல்சக்கரம் ஏதாவது ஒரு பல்லைக் கவ்வியே இருக்கும். 1899இல் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய ரயிலைத் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அது ஏன் வழுக்குவதில்லை என்பதை அன்றுதான் கேட்டார்கள்.

என் அனுபவத்தை இவ்வளவு விரிவாக எழுதியதற்குக் காரணம் உண்டு. ரோபோ அணிக்கு உதவுவது என்றால் பணம் கொடுப்பது, அதுவும் வெற்றி பெற்ற பிறகு மேடையில் கொடுப்பது என்றே எங்கள் ஊர் வணிகர்களில் பலர் எண்ணுகிறார்கள். வெற்றிக்குப் பிறகு வரும் பணத்தால் வண்டி ஓடாது. போட்டிக்கு ஆறு மாதம் முன்பு கிடைக்கும் ஒரு மணி நேர லேத் வேலையாலும், பழைய மோட்டாராலும், மாலையில் பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடும் ஜீப்பாலும்தான் அது ஓடும்.

பிற நாடுகளில் இது எப்படி நடக்கிறது என்பதை ஆசிரியை எனக்குக் காட்டியதிலிருந்தும் நானே தேடிப் படித்ததிலிருந்தும் சொல்கிறேன். அமெரிக்காவில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989இல் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ என்னும் அமைப்பு, 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளை வைத்து முதல் போட்டியை நடத்தியது. இன்று பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான அணிகள் அதில் பங்கேற்கின்றன. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான அதன் பெரிய போட்டியில் ரோபோவின் எடை 50 கிலோவையும் தாண்டும். பதிவுக் கட்டணமே 5,000 டாலருக்குக் குறையாது. அவ்வளவு பணத்தை ஒரு பள்ளி தனியாகப் போட முடியாது. அதனால் மாணவர்களே தங்கள் ஊரில் இருக்கும் தொழிற்சாலை, வன்பொருள் கடை, வங்கி, உணவகம் என்று கடிதம் எழுதி நேரில் போய் ஆதரவு கேட்கிறார்கள். என்னைக் கவர்ந்தது பணம் திரட்டும் முறையல்ல. உள்ளூர் நிறுவனத்தின் பொறியாளரும் ஃபிட்டரும் வேலை முடிந்த மாலைகளில் பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து வேலை செய்யும் வழக்கம்தான். அப்போட்டியின் மிக உயர்ந்த விருதும் களத்தில் வென்ற ரோபோவுக்குப் போவதில்லை. தன் ஊருக்கும் பிற பள்ளிகளுக்கும் இந்தக் கல்வியைக் கொண்டுசென்று முன்மாதிரியாக நிற்கும் அணிக்கே அதை அளிக்கிறார்கள்.

நம் நாட்டில் அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கம், தேர்ந்தெடுத்த பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து மாணவர்கள் கருவிகளைச் செய்து பழகும் அடல் டிங்கரிங் ஆய்வகங்களை அமைத்திருக்கிறது. அந்தத் தொகையில் பாதி ஆய்வகத்தை நிறுவுவதற்கு, மீதி சில ஆண்டுகள் நடத்துவதற்கு. நாடெங்கும் சுமார் 10,000 பள்ளிகளில் அவை இருக்கின்றன. ஆய்வகம் கிடைத்த பள்ளியிலும் பிறகு நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் முனை அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்ய ஆள் இல்லை. மோட்டார் டிரைவர் பலகை ஒன்று எரிந்தால் வாங்கிப் போடத் தலைமையாசிரியருக்கு எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்று தெரியவில்லை. ஆர்வமுள்ள ஆசிரியர் இடமாறுதலில் போய்விட்டால் அறையைப் பூட்டிவிடுகிறார்கள். ஆய்வகமே கிடைக்காத பள்ளிகளின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். செலவிடும்போது தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே நிறுவனம் இயங்கும் இடத்துக்கே பெரும்பாலும் பணம் போகும். சென்னைக்கும் ஓசூருக்கும் கோவைக்கும் அது பொருந்தும். இலையை விலைக்கு வாங்கித் தூள் செய்யும் எங்கள் தொழிற்சாலைகளும், தங்கும் விடுதிகளும், சாக்லேட், வர்க்கி, தைலக் கடைகளும் அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆகவே எங்கள் பிள்ளைகளுக்குச் சட்டப்படி உதவக் கடமைப்பட்டவர் என்று மலையில் அநேகமாக யாரும் இல்லை. விரும்பி உதவுகிறவர்கள்தான் உண்டு; அவர்களை நோக்கித்தான் எழுதுகிறேன்.

செலவு எவ்வளவு என்று தெரியாததாலேயே பலர் தயங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். சென்ற ஆண்டு பத்துப் பிள்ளைகள் கொண்ட அந்த அணிக்கு ஆன செலவை ஆசிரியையும் நானும் ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். மொத்தம் 43,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதில் ரோபோவின் பாகங்களுக்குப் போனது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அர்டுயினோ போன்ற கட்டுப்பாட்டுப் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சென்சார்கள் அதனினும் மலிவு. மோட்டாரும் பேட்டரியும்தான் கொஞ்சம் கூடுதல். செலவின் பெரும்பகுதி போக்குவரத்துக்குப் போனது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்குவது கடினம். பள்ளி முடிந்த பிறகு பயிற்சிக்கு இருந்தால் கடைசிப் பேருந்து போய்விடும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயன்களிலும், படுகர் சிற்றூர்களான ஹட்டிகளிலும் இருந்து வரும் பிள்ளைகள், பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒன்று, இரண்டு கிலோமீட்டர் தேயிலைக் காட்டுக்குள் நடக்க வேண்டும். இருட்டினால் அந்த வழியில் காட்டெருமையும் கரடியும் நிற்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் யானை. எந்தப் பெற்றோர் விடுவார்கள்? அதுவும் பெண் பிள்ளையை? அணியில் சரிபாதி பெண்கள். ஜீப் இல்லாத நாட்களில் அவர்கள் நான்கரை மணிக்கே கிளம்பிவிட, ஆண் பிள்ளைகள் மட்டும் இருந்து வேலை செய்தார்கள். ஜீப் கிடைத்த நாட்களில் எல்லோரும் இருந்தார்கள். ரோபோ அணியில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு ஆர்வக் குறைவைக் காரணமாகச் சொல்பவர்கள் இதை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

இலை ஏற்றும் வாகனம் இல்லாத தேயிலைத் தொழிற்சாலை கிடையாது. மாலை இலை எடுக்கப் போகும் வண்டி போகும் பாதையும் பிள்ளைகள் வீடு திரும்பும் பாதையும் பெரும்பாலும் ஒன்றே. சரக்கு வண்டியில் பிள்ளைகளை ஏற்றச் சொல்லவில்லை. அது தவறு, ஆபத்தும்கூட. அலுவலக ஜீப்பை வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம் விடுவது ஒரு தொழிற்சாலைக்குப் பாரமாக இருக்காது. ஆனால் அணிக்கு அது ஆண்டின் மிகப் பெரிய செலவைக் குறைக்கும்.

இதில் தொழிற்சாலைகளுக்குத் தங்கள் நலனும் இருக்கிறது. இன்று பல தொழிற்சாலைகளில் கலர் சார்ட்டர் நிற்கிறது. விழும் தூளைக் கேமரா பார்த்து, நாரும் காம்பும் எங்கே என்று நிறத்தால் கண்டறிந்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வால்வைத் திறந்து காற்றால் ஊதித் தள்ளும் அந்த இயந்திரத்துக்கும், கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் பிள்ளைகளின் வண்டிக்கும் அடிப்படை ஒன்றே: பார்ப்பது, முடிவெடுப்பது, அசைப்பது. அந்த இயந்திரம் நின்றுவிட்டால் பழுதுபார்க்கக் கீழிருந்து ஆள் வர வேண்டும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அவர் வருவதற்கு இரண்டு நாள்கூட ஆகும். அந்த இரண்டு நாளும் இலை வந்துகொண்டேதான் இருக்கும். வாடவைக்கும் தொட்டியின் ஈரப்பதத்தையும் டிரையரின் வெப்பத்தையும் அளந்து காட்டும் சென்சார் வேலையைப் பிளஸ் டூ பிள்ளைகளே செய்ய முடியும் என்பதை நான் கண்ணால் கண்டேன். அவர்கள் செய்த ஈரப்பத அளவி ஒன்று எனக்குத் தெரிந்த தொழிற்சாலையில் ஒரு மாதம் சோதனைக்கு இருந்தது. முதல் வாரம் பனியில் பலகை நனைந்து நின்றுபோனது. பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து மூடினார்கள், ஓடியது. இந்தப் பாடம் எந்தப் போட்டியின் கையேட்டிலும் இருக்காது. மலையில் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், இணைப்புகளில் பச்சை பூக்கும், ஜூன் மாதக் காற்றில் மின்சாரம் போய்ப் போய் வரும். இங்கே நின்று வேலை செய்யும் கருவியைச் செய்யக் கற்ற பிள்ளை எங்கே போனாலும் செய்வான்.

என் நண்பர் ஒருவர், நெடுங்காலம் தோட்டத் தொழிற்சங்கத்தில் இருந்தவர், வேறொரு கேள்வியை எழுப்பினார். இயந்திரம் வந்து வந்துதான் பறிக்கும் பெண்களின் வேலை குறைந்தது. அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கே இயந்திரம் செய்யக் கற்றுத்தருகிறாயே என்று கேட்டார். அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இலையை வெட்டி எடுக்கும் கத்தரி இயந்திரத்தை மலைக்குக் கொண்டுவந்தது இந்தப் பிள்ளைகள் அல்ல. அதை வடிவமைத்தவர்கள் எங்கள் சரிவையும் அறியாதவர்கள், அதைத் தோளில் சுமப்பவரின் முதுகையும் அறியாதவர்கள். தாய் பறிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை ஒரு கருவியைச் செய்தால் அது வேறு மாதிரி இருக்கும் என்றே நான் நம்புகிறேன். சென்ற ஆண்டு அவர்களாகத் தேர்ந்தெடுத்த திட்டம் எது தெரியுமா? இலை மூட்டையைச் சரிவில் மேலே இழுத்துக்கொண்டு வரும் சிறு வின்ச் வண்டி. முப்பது கிலோ மூட்டையைத் தலையில் வைத்து ஏறும் தாயைப் பார்த்தவர்களுக்குத்தான் அது தோன்றும். உலக ரோபோ ஒலிம்பியாடு போன்ற போட்டிகளில் இப்படி நடைமுறைச் சிக்கலைத் தீர்க்கும் திட்டங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இரண்டு, மூன்று மாணவரும் ஒரு பயிற்றுநரும் சேர்ந்தால் ஓர் அணி. 2016இல் அதன் உலக இறுதிப் போட்டி நம் நாட்டில், டெல்லியில் நடந்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும், மண் சரிந்து வழி அடைபட்டதையும் பார்த்த பிள்ளைகளுக்கு எடுத்துக்கொள்ளச் சிக்கல்களுக்குப் பஞ்சம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உதவி என்றதும் எல்லோரும் ஊட்டி, குன்னூர் நகரத்துப் பள்ளிகளையே நினைக்கிறார்கள். எனக்கு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் நினைவு வருகிறது. மற்ற பிள்ளைகளுக்கு மாலை நேரம்தான் இல்லை. உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது இருக்கிறது. ஜீப் செலவு இல்லை, கடைசிப் பேருந்துக் கவலை இல்லை. தேவைப்படுவது ஒரு மேசை, ஒரு பெட்டி நிறையக் கருவி, வாரம் ஒருமுறை போய் உட்காரும் ஒரு ஃபிட்டர் அல்லது எலக்ட்ரீஷியன். எந்தச் செலவும் மிகக் குறைந்த அளவில் மிக அதிகப் பயன் தரும் இடம் அதுதான். ஆனால் பத்திரிகைப் படம் எடுக்கத் தொலைவான இடம் என்பதாலோ என்னவோ, அங்கே யாரும் போவதில்லை.

விடுதி, மண்டபம் நடத்துவோரிடம் கேட்க வேண்டியது வேறு. ரோபோ ஓடும் களத்துக்குச் சமமான தரை வேண்டும். மேசை விரிப்பே சுமார் 2.4 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம் இருக்கும். பத்து அணி வந்தால் பத்துப் பயிற்சி மேசை போட வேண்டும். மலையில் அவ்வளவு பெரிய சமதளக் கூடம் என்றால் திருமண மண்டபம்தான். ஆடி மாதத்தில் அவை காலியாகக் கிடக்கின்றன. கூடலூர், குந்தா பக்கம் அப்போது தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்து பள்ளிக்கே விடுமுறை விடுவார்கள். ஆனால் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான் என்பதால் ஆடியில் இங்கே ஒரு நாள் போட்டி வைக்கத் தடையில்லை. கோவைக்குப் போவதற்கு முன் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு முறை போட்டியிட்டுப் பார்த்திருந்தால், எங்கள் அணி அங்கே போய்க் கற்றதை இங்கேயே கற்றிருக்கும். 14 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்து, டப்பாவுக்குள் சால்டர் விட்டுப்போன கம்பியோடு போய் இறங்கி, மற்ற அணிகள் பயிற்சி செய்துகொண்டிருந்த நேரத்தில் இவர்கள் சால்டரிங் கம்பிக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தோற்றது அதனால்தான் என்று நான் சொல்ல வரவில்லை; தோற்றது அடுத்த அணி நன்றாகச் செய்திருந்ததால். ஆனால் தங்கள் வண்டியின் முழுத் திறனை அவர்கள் காட்ட முடியாமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

தொழில் நிலை எனக்குத் தெரியும். பசுந்தேயிலை விலை விவசாயிக்கும் கட்டவில்லை, தூளின் விலை தொழிற்சாலைக்கும் கட்டவில்லை. தொழிற்சாலை வேலை குறைந்தால் முதலில் நிற்பது என் லேத்தான். ஆகவே லட்சங்கள் கேட்கவில்லை. மே மாதக் கோடை விழாக்களுக்கு வரவேற்புப் பதாகை வைக்கும் கடைக்காரர் ஒருவர், ஒரு பதாகைக்கு ஆகும் செலவை ஆண்டுதோறும் ஓர் அணிக்குக் கொடுத்தால் அதன் பாகச் செலவில் கணிசமான பங்கு அடைந்துவிடும். ஆண்டுதோறும் என்ற சொல்லையே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓர் ஆண்டு 50,000 கொடுத்துவிட்டு நிறுத்துவதைக் காட்டிலும், ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு 10,000 வீதம் கொடுப்பது எவ்வளவோ மேல். ஒன்பதாம் வகுப்பில் சேரும் பிள்ளை பிளஸ் டூ முடிக்கும் வரை அணி நிற்க வேண்டும். மூத்தவர் இளையவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். முதல் ஆண்டில் எந்த அணியும் நன்றாகச் செய்வதில்லை.

கொடுக்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். பள்ளி ஆண்டு விழா மேடையில் ஒருவர் ஒலிபெருக்கியில் ஒரு தொகையை அறிவித்தார், கைதட்டல் எழுந்தது, படமும் எடுத்தார்கள். அந்தப் பணம் வரவே இல்லை. அதை நம்பிப் பாகங்களுக்குச் சொல்லிவிட்டிருந்த ஆசிரியை தன் சம்பளத்திலிருந்து கட்டினார். தொகையை அறிவித்தவரின் பெயரைச் சொல்வதால் பயன் இல்லை. ஆனால் இனி எந்தப் பள்ளியும் கையில் வராத பணத்தை மேடையில் அறிவிக்க விடக் கூடாது. பணமாகக் கொடுப்பவர்களுக்கு வழி இருக்கிறது: 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாக விரும்பிய அரசுப் பள்ளிக்குக் கொடுக்கலாம். பொருளாகக் கொடுத்தால் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் பதிவு செய்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். செலவு நோட்டு பெற்றோர் யார் கேட்டாலும் காட்டும்படி இருக்க வேண்டும். எங்கள் நோட்டு அப்படித்தான் இருக்கிறது.

கொடுப்பவர் பெயரைப் பொறிப்பதில் தவறு இல்லை. பழைய எஞ்சின்களில் அதைச் செய்த பட்டறையின் பெயர் பித்தளைத் தகட்டில் இருக்கும். அது பெருமைக்கு உரிய வழக்கம். அப்படி ஒரு சிறு தகட்டை வண்டியில் பதிக்கட்டும். பிள்ளைகளின் முதுகில் கடையின் பெயரைப் போட்டு ஊர்வலம் விடுவதையும், அவர்களைத் தன் விளம்பரத்துக்கு நிறுத்துவதையும் பள்ளி அனுமதிக்கக் கூடாது. புகையிலை, மது விற்போரின் பணத்தை வாங்கவே கூடாது.

பணம் இல்லாதவர்கள் கொடுக்கக் கூடியதும் நிறைய இருக்கிறது. வயிண்டிங் கடைக்காரர்கள் தூக்கிப்போடும் மோட்டார்கள், கணினிக் கடைகளில் கிடக்கும் பழைய மின்வழங்கிகள், சைக்கிள் கடையின் சங்கிலியும் பல்சக்கரமும், பழைய பிரிண்டர்களுக்குள் இருக்கும் ஸ்டெப்பர் மோட்டாரும் வழவழப்பான தண்டும், இவை எல்லாம் ஓர் அணிக்குப் புதையல். ஒரு பிரிண்டரைப் பிரித்துப் பார்ப்பதே ஒரு மாதப் பாடம். பேட்டரி மட்டும் பழையது வேண்டாம். உப்பிய லித்தியம் பேட்டரியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது கொடுமை. அதைப் புதிதாக, நல்ல சார்ஜரோடு வாங்கித் தர வேண்டும். ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள், மின்வாரியத்தில் இருந்தவர்கள், தொழிற்சாலைகளில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர்கள் மலையில் எத்தனையோ பேர். தங்களுக்குக் கணினி தெரியாது என்று அவர்கள் ஒதுங்குகிறார்கள். எனக்கும் தெரியாது. நிரல் எழுதுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். தண்டுகளை இணைக்கும் கப்ளிங் ஏன் ஆடுகிறது, திருகு ஏன் தளர்கிறது, கம்பி ஏன் சூடாகிறது என்பதைச் சொல்லத்தான் பெரியவர் வேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். ரோபோ போட்டிச் செய்தி வரும்போது வென்றவர் பெயரோடு, அந்த அணிக்குப் பட்டறை கொடுத்தவர், வண்டி கொடுத்தவர், மாலை நேரம் கொடுத்த ஆசிரியர் யார் என்பதையும் ஒரு வரி சேர்த்து வெளியிடுங்கள். மேடையில் கொடுப்பவரைப் போலவே அவர்களும் கவனிக்கப்படுகிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் சிலர் முன்வரக் கூடும்.

வரும் ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை என் பட்டறையின் சிறிய லேத்தும் ஒரு துளையிடும் இயந்திரமும் குன்னூர், கோத்தகிரி வட்டங்களைச் சேர்ந்த எந்த அரசுப் பள்ளி அணிக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கும். ஆசிரியர் ஒருவர் உடன் வர வேண்டும். பிள்ளைகள் செருப்பு அல்லாமல் ஷூ அணிந்து, தலைமுடியையும் சால்வையையும் இறுக்கிக் கட்டி வர வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி நான் தருகிறேன். ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் நிற்க இடமில்லை. இரண்டாவது பட்டறை ஒன்று திறந்தால் பன்னிரண்டு பேர் நிற்கலாம். கூடலூர் வட்டத்திலும் உதகையிலும் பட்டறை வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், எந்த நாள், எந்த நேரம் அவர்களுக்கு ஒழியும் என்பதைத் தங்கள் பகுதி அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
லேத் பட்டறை உரிமையாளர், குன்னூர்.